வேலூரிலிருந்து டிரைவர் இல்லாத வண்டி: தொழில் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்றைக்கு மூன்று மாவட்டமாகக் கிடக்கும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து டிரைவர் இல்லாத கார் செய்யும் கம்பெனி தொடங்க வேண்டும் என்று வருகிறவர்கள் இப்போது நிறைய பேர். இன்ஜினியரிங் கடைசி வருடத்துப் பிள்ளைகள், சிப்காட்டில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்கள், பெங்களூர் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிப்பவர்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு இது நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் முதல் பொருளை மாற்றிக்கொள்ள வேண்டும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆளே இல்லாமல் ஒரு கார் போகிற காட்சியை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதுதான். காம்பவுண்டு சுவருக்கு உள்ளே, மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில், தெரிந்த வழியில் நாள் முழுக்கப் போய்வரும் வண்டிதான் உங்கள் முதல் பொருள். அப்படிப் பார்த்தால் நம் ஊர் நல்ல இடத்தில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் சிப்காட், பெல் ஆலை, 2021-இல் திறந்த கிரீவ்ஸ் மின்வாகன ஆலை எல்லாம் இருக்கின்றன. பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி, ஓசூர். காலையில் கிளம்பி வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் இரண்டு வருடம் வண்டி நின்றுபோனது என்று யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள், அப்போது இந்தத் தூரத்தின் அருமை புரியும்.

முழுக் காரையும் நாமே செய்ய வேண்டுமா?

வேண்டாம். பாடி, சேசிஸ், மோட்டார், பேட்டரி இதெல்லாம் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலை டிரைவரைச் செய்வது, அதாவது பார்ப்பது, முடிவெடுப்பது, ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் இயக்குவது. கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் ஓடுகிறதே பேட்டரி கார், அந்த வகை வண்டியையோ தொழிற்சாலைக்குள் டிராலி இழுக்கும் மின்சார இழுவை வண்டியையோ வாங்கி அதற்குள் உங்கள் டிரைவரை ஏற்றுங்கள்.

சொந்தமாகக் கார் வடிவமைக்கிறேன் என்று இறங்கினால் பணம் முழுக்க அச்சுக்கும் தகட்டுக்கும் போய்விடும், உங்களுக்கென்று இருக்கும் திறமை எதுவோ அதற்கு ஒன்றும் மிஞ்சாது.

லெவல் 2, லெவல் 4 என்கிறார்களே, நாம் எதில்?

எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 0 முதல் 5 வரை வகுத்த படிநிலை அது. லெவல் 2-இல் வண்டி ஸ்டியரிங்கையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் பொறுப்பு டிரைவருடையது, கண் ரோட்டில் இருக்க வேண்டும். லெவல் 4 என்றால் குறிப்பிட்ட இடத்துக்குள், குறிப்பிட்ட நிலைமைகளில் ஆளே தேவையில்லை. எங்கேயும் எப்போதும் தானாக ஓடுவது லெவல் 5, அதை இதுவரை யாரும் செய்யவில்லை. ஒரு ஆலை வளாகத்துக்குள் மட்டும் ஆளில்லாமல் ஓடினாலும் அது லெவல் 4-தான், சின்ன இடம் என்பதால் குறைவில்லை. அந்த இடத்தையும் நிலைமையையும் எவ்வளவு சுருக்கமாக, எவ்வளவு தெளிவாக எழுதி வைக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் வண்டி வேலைக்கு வரும். "ஷெட் 2-லிருந்து ஸ்டோர் வரை, பகலும் இரவும், பலத்த மழையில் மட்டும் நிற்கும்" என்று எழுத முடிந்தால் தொழில் பாதி உருவாகிவிட்டது.

ஏன், நம் ரோட்டில் ஓட்டவே முடியாதா?

ஓட்டிக் காட்டலாம். நம்பி ஆளை ஏற்றுவது வேறு விஷயம். ஆற்காடு, கலவை, ஆரணி பக்கம் அறுவடை நேரத்தில் போனால் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள், ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கருங்கல். நம் டிரைவர் அதைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறார், எதிரே வரும் டவுன் பஸ்ஸுக்கு ஒருமுறை லைட் அடிக்கிறார், யார் முதலில் போவது என்று அந்த ஒரு நொடியில் முடிவாகிவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அந்த நெல் கேமராவில் பழுப்பு நிறத் தரையாகவும், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் கருவியில் தரைமட்டத்திலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்ந்த பரப்பாகவும் தெரியும். அதன்மேல் ஏறலாமா கூடாதா என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. லைட் அடித்தால் நம் ஊரில் சில நேரம் "நீ வா", சில நேரம் "நான் வருகிறேன், நில்". இதோடு சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் டூவீலர், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, தை மாசியில் எருது விடும் விழா நடக்கும் ஊர்களில் கூட்டம் கலைகிற நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஓடுகிறது என்று நிரூபிப்பதே தனிக் கஷ்டம். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் ஒரு கணக்குப் போட்டது. உயிரிழப்பு விகிதத்தில் மனித டிரைவருக்குக் குறையாதது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், ஒரு மரணம்கூட இல்லாமல் 27.5 கோடி மைல், அதாவது சுமார் 44 கோடி கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும். நான்கு வண்டி வைத்திருக்கும் கம்பெனிக்கு இது ஆகிற காரியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், உங்கள் திட்டமே இதன்மேல்தான் நிற்கப் போகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு எது மோட்டார் வாகனம் என்று வரையறுக்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும்படி செய்த சிறப்பு வகை வண்டி அந்த வரையறையில் வராது. அதாவது சிப்காட் ஆலைக்குள் மட்டும் ஓடும் உங்கள் இழுவை வண்டிக்கு ஆர்டிஓ பதிவு என்ற பேச்சே இல்லை. அங்கே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும் ஆலையின் சொந்தப் பாதுகாப்பு விதிகளும்தான் பொருந்தும், அவற்றுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். கல்லூரி, ஆஸ்பத்திரி வளாகம் என்றால் கவனம் தேவை. பொதுமக்களுக்கு வந்துபோகும் உரிமை உள்ள இடம் சட்டப்படி "பொது இடம்" ஆகிவிடும், அதனால் வண்டி வாங்குவதற்கு முன்பே ஒரு வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள்.

பொதுச்சாலைக்கு வந்தால் கதை வேறு. விற்பதற்காகச் செய்யும் வண்டியின் மாதிரியை மத்திய மோட்டார் வாகன விதி 126-இன் கீழ் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்துக்குக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நமக்குக் கிட்டத்தில் ஒரகடத்தில் ஜிஏஆர்சி. 2019 திருத்தத்தில் 2பி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. புதுக் கண்டுபிடிப்பையும் ஆராய்ச்சியையும் ஊக்குவிக்க, சில வகை வண்டிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தரும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. கதவு இருக்கிறது, ஆனால் அது திறக்கும் என்று நம்பி வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே சொன்னார், 2023-லும் சொன்னார்.

வீட்டுக் காரின் ஸ்டியரிங்கில் ஒரு மோட்டாரைப் பொருத்திக் காட்பாடி ரோட்டில் ஓட்டி வீடியோ போடலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கும் இங்கேயே பதில்: கூடாது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைப்பது 52-ஆம் பிரிவின்படி குற்றம், இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

சரி, முதல் வாடிக்கையாளர் யார்? காசு எப்படி வரும்?

மூன்று ஷிப்ட் ஓடுகிற ஆலை. ஸ்டோரிலிருந்து உற்பத்தி லைனுக்குப் பொருளை இழுத்துப் போய்விட்டுக் காலி டிராலியோடு திரும்பும் வண்டி. நாள் முழுக்க அதே 600, 700 மீட்டர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் நான் வைத்துக்கொண்டவை, நீங்கள் உங்கள் ஆலையின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷிப்டுக்கு ஒரு ஆள், லீவுக்கு மாற்று ஒருவர், ஆக ஒரு வண்டிக்கு நான்கு பேர். பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 20,000 என்றால் மாதம் 80,000, வருடத்துக்கு 9.6 லட்சம். நீங்கள் மாதம் 50,000 வாடகைக்கு வண்டியையும் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் ஆலைக்கு லாபம், உங்களுக்கு வருடம் 6 லட்சம். வண்டி செய்ய உங்களுக்கு 14 லட்சம் ஆனால், பராமரிப்புக்கு மாதம் 10,000 போக, மூன்று வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். வண்டியை விற்காமல் வாடகைக்கு விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதுப் பொருளை மொத்த விலை கொடுத்து வாங்கப் பர்ச்சேஸ் மேனேஜர் தயங்குவார், மாத வாடகைக்கு மூன்று மாதம் ஓட்டிப் பார்க்க அவ்வளவு தயங்கமாட்டார். இரண்டாவது காரணம், வண்டி உங்களுடையதாகவே இருந்தால் அதில் என்ன கோளாறு வருகிறது என்பது உங்களுக்கு நேராகத் தெரியும்.

வண்டியில் என்னென்ன வேண்டும்?

லைடார், கேமரா, ரேடார், சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர், வண்டியின் அசைவையும் திருப்பத்தையும் அளக்கும் ஐஎம்யு, ஒரு நல்ல கம்ப்யூட்டர். லைடார் விலையைக் கேட்டுப் பயந்த காலம் போய்விட்டது. தொடக்க காலத்தில் ஒன்று 75,000 டாலர் வரை விற்றது, இப்போது சீனக் கம்பெனிகள் கார் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாக 200 டாலருக்கும் தருவதாக அறிவிக்கின்றன. ஒன்று இரண்டு வாங்கும் நமக்கு அந்த விலை கிடைக்காது, ஆனாலும் எட்டாத விலை இல்லை. 76–77 கிகாஹெர்ட்ஸ் வாகன ரேடாருக்கு 2015 முதல் அலைவரிசை உரிமம் தேவையில்லை. மென்பொருளைப் பூஜ்யத்திலிருந்து எழுத வேண்டாம். ரோபோக்களுக்கான அடிப்படை மென்பொருள் ஆர்ஓஎஸ் 2 இருக்கிறது, அதன்மேல் ஓடும், வண்டியைத் தானாக ஓட்டும் மென்பொருள் ஆட்டோவேர் இருக்கிறது, இரண்டும் இலவசம். கார்லா என்ற சிமுலேட்டரும் இலவசம்.

ஜிபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. சர்வே ஆஃப் இந்தியாவின் கார்ஸ் (CORS) என்ற தரை நிலையங்கள் தரும் திருத்தத்தோடு வெட்டவெளியில் சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். தகரக் கொட்டகைக்குள் நுழைந்த உடனே அது போய்விடும். அதனால் லைடாரை வைத்து முன்பே வரைந்த மேப்போடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் முறைதான் முதன்மை.

அப்புறம் நம் ஊர் வெயில். கத்திரி நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. வெயிலில் நிற்கும் வண்டியின் மூடிய பெட்டிக்குள் சூடு அதைவிட எவ்வளவோ ஏறும், கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படத்தைப் பார்த்து முடிவெடுக்க ஆகும் நேரம் சத்தமில்லாமல் நீண்டுகொண்டே போகும். வெளியே பார்த்தால் வண்டி நன்றாக ஓடுவதுபோலத்தான் இருக்கும், பிரேக் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும். அதனால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் வண்டியின் உச்ச வேகம் தானாகக் குறையும்படி எழுதிவிடுங்கள். வெளிநாட்டு டேட்டா ஷீட்டை நம்பாதீர்கள், ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு ராணிப்பேட்டையில் ஓட்டிப் பாருங்கள்.

படமும் மேப்பும் எடுப்பதற்குத் தடை உண்டா?

2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் நமக்குச் சாதகம். ஒரு மீட்டரைவிட நுணுக்கமான மேப்பை இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியில்லாமல் தயாரிக்கலாம், அதை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும். கேமராவில் விழும் முகங்களும் நம்பர் பிளேட்டுகளும் தனிநபர் தரவு, அதைப் பாதுகாக்க 2023-இல் சட்டமே வந்துவிட்டது, எடுத்த உடனே மங்கலாக்கிவிடுங்கள். பயிற்சிக்கு நம் நாட்டுப் படங்கள் வேண்டுமென்றால் ஹைதராபாத் ஐஐஐடி வெளியிட்ட இந்திய டிரைவிங் தரவுத்தொகுப்பில் ஆட்டோ, மாடு, மண் ஓரம் எல்லாம் குறியிட்டுக் கிடைக்கிறது.

பாதுகாப்பை எப்படி உறுதி செய்வது?

முதலில் வேகம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. ஒரு நொடி யோசித்து, நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்க 40 மீட்டர் ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டரில், அரை நொடியில் முடிவெடுத்தால், ஐந்தரை மீட்டருக்குள் நின்றுவிடும். மெதுவாகப் போவதைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துக் கொன்ற விபத்து. விசாரணை அறிக்கையைத் தேடிப் படியுங்கள், உங்கள் குழுவில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள். இடிப்பதற்கு 5.6 நொடி முன்பே கருவிகள் அவரைப் பார்த்துவிட்டன. அது வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மென்பொருள் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. காரோடு வந்த அவசர பிரேக் வசதியை அணைத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த கண்காணிப்பாளர் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். எது என்று தெரியாவிட்டாலும் வழியில் ஏதோ இருக்கிறது என்றால் நிற்க வேண்டும், இதை உங்கள் மென்பொருளில் முதல் விதியாக எழுதுங்கள். இந்த விதியை ஏஐ மாதிரியிடம் விடாதீர்கள். லைடார் தூரத்தை மட்டும் பார்த்து பிரேக் பிடிக்கும் தனிச் சுற்று ஒன்று இருக்கட்டும், வண்டியின் நான்கு மூலையிலும் சிவப்பு எமர்ஜென்சி பட்டன், அதை அழுத்தினால் மென்பொருளைக் கேட்காமல் மோட்டாருக்கு மின்சாரம் துண்டாக வேண்டும். மின்சாரம் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக்காக இருக்க வேண்டும். வாகனப் பாதுகாப்புத் தரங்களான ஐஎஸ்ஓ 26262, ஐஎஸ்ஓ 21448 இரண்டையும் முதல் வருடமே படிக்கத் தொடங்குங்கள், பிற்பாடு ஒட்டவைக்க முடியாது. பொதுப் பொறுப்புக் காப்பீடும் எடுத்துவிடுங்கள், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறைக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது.

டிரைவர்கள் வேலை போகுமே?

போகும். மேலே நான் போட்ட கணக்கே நான்கு பேர் சம்பளத்தின்மேல்தான் நிற்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆலையோடு ஒப்பந்தம் போடும்போதே அந்த நான்கு பேருக்கும் என்ன வேலை என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வண்டிகளைக் கண்காணிக்க, நின்றுபோனால் எடுத்துவிட, லைடாரைத் துடைக்க, பேட்டரி மாற்ற ஆள் வேண்டும், அந்த வளாகத்தைப் பத்து வருடமாகச் சுற்றிய டிரைவரைவிட அதற்குப் பொருத்தமானவர் கிடையாது. எந்தத் திருப்பத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடிக்காமல் வெளியே வரும், எந்தத் தரை மழையில் வழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் சோதனைப் பட்டியலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். நீங்களாக யோசித்து எழுதுவதைவிட நன்றாக இருக்கும்.

பெரிய கம்பெனிகளே மூடிவிட்டார்களே?

ஆமாம். ஃபோர்டும் ஃபோக்ஸ்வேகனும் பணம் போட்ட ஆர்கோ ஏஐ 2022 அக்டோபரில் மூடப்பட்டது. ஆயிரம் கோடி டாலருக்கு மேல் செலவழித்த, ஜெனரல் மோட்டார்ஸின் குரூஸ், 2023-இல் சான் பிரான்சிஸ்கோ விபத்துக்குப் பிறகு உரிமத்தை இழந்தது, அடுத்த வருடக் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸிக்குப் பணம் போடுவதை நிறுத்திக்கொண்டது. ஆப்பிள் 2024-இல் கார் திட்டத்தையே கைவிட்டது. கூகுள் 2009-இல் தொடங்கிய வேலைதான் வேமோ, பொதுமக்கள் யாராக இருந்தாலும் ஆளில்லா காரில் ஏறலாம் என்று ஃபீனிக்ஸில் திறந்துவிட்டது 2020 அக்டோபரில். பதினோரு வருடம், அதுவும் கூகுள் கஜானாவோடு. இவர்கள் எல்லோரும் பொதுச்சாலையை முதல் சந்தையாக எடுத்தவர்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளையை முதல் நாளே பைபாஸில் தனியாக விடமாட்டோம், நம் கம்பெனிக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? ஆள் கிடைப்பார்களா?

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்து, மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டிபிஐஐடியின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வாங்குங்கள். 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், பதிவு செய்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு, மாதிரி செய்ய 20 லட்சம் வரை மானியம் கிடைத்தது, அது புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையம் வழியாகத்தான் வந்தது, இப்போதும் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விஐடியிலேயே இன்குபேட்டர் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் டான்சீட் விதை நிதித் திட்டம் 10 லட்சம் தருகிறது. இவற்றோடு ஒரு ஆலை காசு கொடுத்துச் செய்யும் சோதனை ஒப்பந்தம் சேர்ந்துவிட்டால் முதல் வண்டிக்குப் போதும், அதற்கு முன்னால் முதலீட்டாளரைத் தேடி அலைய வேண்டாம்.

மென்பொருளுக்கு ஆள் கிடைப்பார்கள். வயரிங் செய்கிறவர், ஹைட்ராலிக் பிரேக் தெரிந்தவர், வெல்டர் இவர்கள்தான் கஷ்டம், இவர்களுக்கு முதல் நாளிலிருந்தே நல்ல சம்பளம் கொடுங்கள். மென்பொருள் பிழையை ராத்திரி உட்கார்ந்து சரிசெய்துவிடலாம், தளர்ந்த கனெக்டரால் வரும் கோளாறை வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

ரோட்டுக்கு எப்போது வரலாம்?

ஒரே வளாகத்தில் மழைக்காலம், வெயில்காலம், ஆயுத பூஜைக்கு வண்டி முழுக்க மாலை போட்டு லைடாரை மறைத்துவைக்கும் நாள் எல்லாம் பார்த்து ஒரு முழு வருடம், ஆள் கை வைக்காமல் ஓடியிருக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு நிலையான வழி, உதாரணமாக ஒரே நிறுவனத்தின் இரண்டு வளாகங்களுக்கு இடையே, டிரைவர் உள்ளே இருக்க, ஒரகடத்தில் சான்று வாங்கி, விலக்குக்கு விண்ணப்பித்து. அதுவரைக்கும் ரோட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: கேமரா பொருத்திய சாதாரணக் காரை, டிரைவரே ஓட்ட, வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா வரை பல நேரங்களில் ஓட்டி, உங்கள் மென்பொருள் என்ன முடிவெடுத்திருக்கும், டிரைவர் என்ன செய்தார் என்று இரண்டையும் பதிந்து ஒப்பிடுங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அந்த இடங்கள்தான் அடுத்த இரண்டு வருடத்துக்கான உங்கள் வேலை.